ஆபிஸ் கம்ப்யூட்டரில் வெப்சைட் ஓபன் ஆகலையா? முடக்க நிறுவனத்துக்கு உரிமை இருக்கா, ஊழியர் என்ன செய்யலாம்? - ஓசூர் தொழிற்பேட்டைகளுக்கான முழு விளக்கம்

'இந்தத் தளம் உங்கள் நிர்வாகியால் தடுக்கப்பட்டுள்ளது.' ஓசூர் சிப்காட்டில் கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து வேலை பார்க்கிற பலருக்கும் பழகிப்போன வாசகம் இது. யூடியூப், ஃபேஸ்புக் ஓபன் ஆகலைன்னா யாரும் பெருசா கவலைப்படுவதில்லை. ஆனா, சப்ளையரின் கேட்லாக் பக்கமோ, பிஎஃப் பாஸ்புக் பக்கமோ ஓபன் ஆகலைன்னா?

அந்த நேரத்தில் பலரும் செய்வது ஒன்றுதான். செல்போன் ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்து ஆபிஸ் கம்ப்யூட்டரில் இணைப்பது, இல்லன்னா இலவச விபிஎன் ஒன்றை டவுன்லோட் செய்வது. இரண்டு நிமிட வேலைதான். ஆனால் வேலையையே காவு வாங்கக்கூடிய விஷயமும் இதுதான்.

ஒரு நிறுவனம் தன் நெட்வொர்க்கில் எதை வேண்டுமானாலும் முடக்கலாமா? நாம் பார்ப்பதை எல்லாம் கண்காணிக்கலாமா? ஊழியருக்கு என்ன உரிமை இருக்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

முடக்கியது யார்? முதலில் இதைக் கண்டுபிடிங்க

ஒரு தளம் ஓபன் ஆகாமல் போக பொதுவாக 3 காரணங்கள் இருக்கலாம். அந்தத் தளமே பழுதாகி இருக்கலாம். அரசு அல்லது நீதிமன்ற உத்தரவால் இணைய சேவை நிறுவனம் முடக்கியிருக்கலாம். அல்லது உங்கள் அலுவலக நெட்வொர்க்கில் மட்டும் முடக்கப்பட்டிருக்கலாம்.

கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. அதே முகவரியை உங்கள் சொந்த செல்போனில், ஆபிஸ் வைஃபையை ஆஃப் செய்துவிட்டு, மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். போனில் ஓபன் ஆகி ஆபிஸில் ஓபன் ஆகலைன்னா, பெரும்பாலும் அது அலுவலகத் தடை. ரெண்டுலயும் ஓபன் ஆகலைன்னா, பிரச்னை உங்கள் ஐடி டிபார்ட்மென்ட்டிடம் இருக்க வாய்ப்பு குறைவு.

2025 பிப்ரவரி 15-ஆம் தேதி விகடன் இணையதளம் பலருக்கும் திறக்காமல் போனது நினைவிருக்கலாம். பிரதமர் மோடி கைவிலங்குடன் அமர்ந்திருப்பது போன்ற கார்ட்டூன் வெளியானதைத் தொடர்ந்து நடந்த முடக்கம் அது. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அந்தக் கார்ட்டூனை தற்காலிகமாக நீக்கினால் தளத்தின் முடக்கத்தை விலக்க வேண்டும் என்று மார்ச் 6-ஆம் தேதி நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அரசு ஒரு தளத்தை முடக்க வேண்டுமென்றால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 69ஏ பிரிவின்படி காரணங்களை எழுத்துபூர்வமாகப் பதிவு செய்ய வேண்டும். 2009-இல் வந்த விதிகளின்படி அதைப் பரிசீலிக்க ஒரு குழு உண்டு. 2015-இல் 66ஏ பிரிவை ரத்து செய்த உச்ச நீதிமன்றம், இந்த 69ஏ பிரிவை ஏற்றுக்கொண்டதற்கு இந்தப் பாதுகாப்புகளும் முக்கியக் காரணம்.

ஆனால் தனியார் நிறுவனம் தன் நெட்வொர்க்கில் ஒரு தளத்தை முடக்க இப்படி எந்த நடைமுறையும் கிடையாது. காரணம் எழுத வேண்டியதில்லை, குழு கூட வேண்டியதில்லை. ஃபயர்வாலில் ஒரு டிக் போட்டால் முடிந்தது. ஊழியர்களின் சிக்கல் தொடங்கும் இடம் இதுதான்.

எப்படி முடக்குறாங்க?

ஐடி டிபார்ட்மென்ட்டில் ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு தளமாகத் தடை போடுவதில்லை. ஃபயர்வால் விற்கும் நிறுவனங்கள், இணையத்தில் உள்ள தளங்களை ஏற்கெனவே ரகம் ரகமாகப் பிரித்து வைத்திருக்கும். சமூக ஊடகம், வீடியோ, சூதாட்டம், ஃபைல் பகிர்வு, வேலைவாய்ப்பு, 'வகைப்படுத்தப்படாதவை' என்று பட்டியல் நீளும். நிறுவனம் எந்த ரகம் வேண்டாம் என்று முடிவு செய்தால், அந்த ரகத்தில் உள்ள எல்லாமே மொத்தமாக முடங்கும்.

தவறான முடக்கங்கள் நடப்பதும் இதனால்தான். புதிதாகத் தொடங்கிய சின்ன சப்ளையரின் தளம் 'வகைப்படுத்தப்படாதவை' பட்டியலில் இருக்கும். சிஎன்சி மெஷின் கோளாறுக்குத் தீர்வு சொல்லும் வீடியோ, சினிமா பாட்டு இருக்கும் அதே வீடியோ ரகத்தில் இருக்கும். மெஷினுக்கு வித்தியாசம் தெரியாது.

சில நிறுவனங்கள் இன்னும் ஒரு படி மேலே போவதுண்டு. ஆபிஸ் கம்ப்யூட்டரில் நிறுவனத்தின் சான்றிதழ் ஒன்றை நிறுவி, பூட்டு அடையாளம் போட்ட பாதுகாப்பான பக்கங்களின் உள்ளடக்கத்தையும் நடுவில் பிரித்துப் பார்த்து அனுப்பும் வசதி இது. வைரஸைப் பிடிக்க இது உதவும். அதேநேரம், ஊழியர் டைப் செய்வதையும் பார்க்க முடியும்.

நேரம் வீணாகுதுன்னு மட்டும்தான் முடக்குறாங்களா?

இல்லை. குறிப்பாக தொழிற்சாலைகளில், காரணம் அதைவிடப் பெரியது.

1970-களில் தொடங்கி வளர்ந்த ஓசூர் தொழிற்பேட்டையில் அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் போன்ற பெரிய ஆலைகளும், அவற்றைச் சுற்றி உதிரிபாகம் செய்து தரும் நூற்றுக்கணக்கான சின்ன யூனிட்களும் இருக்கின்றன. இப்போது டாடா எலெக்ட்ரானிக்ஸ், ஏத்தர், போச்சம்பள்ளி பக்கம் ஓலா எலெக்ட்ரிக் என பட்டியல் நீண்டிருக்கிறது. ஆர்டர், டிராயிங், டெஸ்பேட்ச் விவரம் என எல்லாமே பெரிய ஆலைக்கும் சின்ன யூனிட்டுக்கும் இடையே நெட்வொர்க்கில்தான் ஓடுகிறது. ஒரு இடத்தில் ஓட்டை விழுந்தால் அந்தச் சங்கிலியே நிற்கும்.

ஜப்பானில் இது நடந்தது. 2022 மார்ச் 1-ஆம் தேதி டொயோட்டா நிறுவனம் ஜப்பானில் உள்ள தன் 14 ஆலைகளையும் ஒருநாள் முழுக்க நிறுத்தியது. சுமார் 13,000 வாகனங்களின் உற்பத்தி பாதித்தது. ஆனால் தாக்கப்பட்டது டொயோட்டா அல்ல. அதற்கு பிளாஸ்டிக் பாகங்கள் கொடுக்கும் கோஜிமா என்ற சப்ளையர்தான் தாக்கப்பட்டது. அந்த சப்ளையரின் துணை நிறுவனம் ஒன்று வெளியிலிருந்து இணைவதற்காக வைத்திருந்த கருவி வழியாகத்தான் ரான்சம்வேர் உள்ளே வந்தது என்பது பிறகு தெரியவந்தது.

தமிழ்நாட்டிலும் இதன் சூடு பட்டிருக்கிறது. 2017 மே மாதம் உலகம் முழுக்கப் பரவிய 'வான்னாக்ரை' தாக்குதலில், சென்னை அருகே ஒரகடத்தில் உள்ள ரெனோ-நிசான் ஆலையும் பாதிக்கப்பட்டது. 2025 செப்டம்பரில் டாடா மோட்டார்ஸுக்குச் சொந்தமான ஜாகுவார் லேண்ட் ரோவரின் உற்பத்தி சைபர் தாக்குதலால் வாரக்கணக்கில் நின்றது. இதனால் பிரிட்டன் பொருளாதாரத்துக்கு சுமார் 190 கோடி பவுண்டு இழப்பு என்று அங்குள்ள சைபர் கண்காணிப்பு மையம் மதிப்பிட்டது. இதில் சப்ளையர்களின் இழப்பும் அடக்கம்.

இன்னொரு காரணம், தகவல் கசிவு. சாம்சங் நிறுவனத்தில் ஊழியர்கள் ரகசிய மென்பொருள் குறிப்புகளை சாட்ஜிபிடியில் போட்டது தெரியவந்ததும், 2023-இல் அதுபோன்ற ஏஐ கருவிகளுக்கு அந்நிறுவனம் தடை போட்டது. அலுவலகக் கம்ப்யூட்டர்களில் சாட்ஜிபிடி, டீப்சீக் போன்றவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று மத்திய நிதி அமைச்சகமும் 2025 ஜனவரியில் தன் ஊழியர்களுக்கு அறிவுறுத்தியது. கஸ்டமர் கொடுத்த டிராயிங்கை இலவச பிடிஎஃப் தளத்தில் ஏற்றி மாற்றி எடுப்பதும் இதே ரகம்தான். ஏற்றிய ஃபைல் எங்கே போய்ச் சேர்கிறது என்று யாருக்கும் தெரியாது.

சட்டப்படி நிறுவனத்துக்கு உரிமை இருக்கா?

இருக்கிறது. கம்ப்யூட்டரும் நெட்வொர்க்கும் நிறுவனத்தின் சொத்து. அதில் எதைத் திறக்கலாம், எதைத் திறக்கக் கூடாது என்று விதி வகுக்க நிறுவனத்தால் முடியும்.

ஆனால் விதியை மீறியதாகச் சொல்லி தண்டிக்கும்போது கேள்வி மாறுகிறது. 1946-ஆம் ஆண்டின் தொழில் நிறுவன நிலையாணைகள் சட்டத்தின் கீழ் வந்த மாதிரி நிலையாணையில், மேலதிகாரியின் 'சட்டப்படியான, நியாயமான' உத்தரவை வேண்டுமென்றே மீறுவதுதான் தவறான நடத்தை. எதுவுமே சொல்லப்படாத ஒரு விதியை 'வேண்டுமென்றே' மீறினார் என்று எப்படிச் சொல்ல முடியும்? சான்றளிக்கப்பட்ட நிலையாணைகளை ஆங்கிலத்திலும், பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் வாசலுக்கு அருகே பலகையில் ஒட்ட வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொன்னது.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் 4 தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. பழைய சட்டம் பொதுவாக 100 பேர் வேலை செய்யும் நிறுவனங்களுக்குப் பொருந்தியது. புதிய தொழிலுறவுத் தொகுப்பில் நிலையாணைகளுக்கான வரம்பு 300 பேர். அதாவது, ஓசூரின் சின்ன யூனிட்கள் பலவற்றில் நிலையாணை என்ற பேச்சே இருக்காது.

அப்படிப்பட்ட இடத்தில் கையில் இருக்கும் ஒரே ஆவணம், பணி நியமனக் கடிதமும் அதோடு கையெழுத்து வாங்கும் ஐடி பாலிசியும்தான். புதிய தொகுப்புகளின்படி நியமனக் கடிதம் கொடுப்பது கட்டாயம். ஆகவே, சேரும் நாளில் 20 பக்க ஆங்கில பாலிசியில் கையெழுத்து போடுவதற்கு முன், இணையப் பயன்பாடு பற்றிய பக்கத்தையாவது படியுங்கள். புரியலைன்னா எச்ஆரிடம் கேட்பதில் தப்பில்லை. பின்னாடி பிரச்னை வந்தால் முதலில் எடுத்துக் காட்டப்படும் காகிதம் அதுதான்.

ஓசூரில் வீடு, எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை என்றால்?

தினமும் அத்திப்பள்ளி சோதனைச் சாவடியைத் தாண்டி வேலைக்குப் போகிறவர்களுக்கு, வேலை நடக்கும் மாநிலத்தின் விதிதான் பொருந்தும். கர்நாடக அரசு ஐடி நிறுவனங்களுக்கு நிலையாணைகள் சட்டத்திலிருந்து 2014-இல் விலக்கு கொடுத்தது. 2024-இல் அதை மேலும் 5 ஆண்டுகளுக்கு நீட்டித்தது. அதேசமயம், குறைதீர்க்கும் குழுவும், பாலியல் தொல்லை புகார்களை விசாரிக்கும் உள் குழுவும் இருக்க வேண்டும் என்பது அதற்கான நிபந்தனை. ஐடி வேலையில் இருப்பவர்கள் இந்தக் குறைதீர்க்கும் குழு யார் யார் என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

நாம பார்க்கிறது எல்லாம் நிறுவனத்துக்குத் தெரியுமா?

ஆபிஸ் நெட்வொர்க்கில் என்றால், தெரியும் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. இன்காக்னிட்டோ ஜன்னலில் பார்த்தாலும், ஹிஸ்டரியை அழித்தாலும் அது உங்கள் கம்ப்யூட்டரில் மட்டும்தான் மறையும். ஃபயர்வாலின் பதிவில் அப்படியே இருக்கும். மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28-இல் போட்ட உத்தரவுப்படி, நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்திருக்கிறதே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலை தொடர்பான நோக்கங்களுக்காகவும், வர்த்தக ரகசியம் கசியாமல் காப்பதற்காகவும் ஊழியரின் தரவை அவர் சம்மதம் இல்லாமலே கையாள வழி விட்டிருக்கிறது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன.

ஐரோப்பாவில் வேறு மாதிரி ஒரு தீர்ப்பு உண்டு. ருமேனியாவில் ஒரு பொறியாளர், அலுவலக வேலைக்காகத் தொடங்கிய யாஹூ மெசஞ்சரில் தன் வருங்கால மனைவியோடும் சகோதரரோடும் பேசியதற்காக 2007-இல் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். சொந்த உபயோகத்துக்குத் தடை இருப்பது அவருக்குத் தெரியும். ஆனால் தன் உரையாடலின் உள்ளடக்கத்தைக்கூட நிறுவனம் படிக்கும் என்பது முன்கூட்டியே சொல்லப்படவில்லை. அவருடைய உரிமை பாதுகாக்கப்படவில்லை என்று ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது. இந்தியாவை இது கட்டுப்படுத்தாது. ஆனால் 'கண்காணிக்கலாம், முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கண்காணிக்க வேண்டும்' என்ற அளவுகோல் இங்கேயும் பேச வேண்டிய ஒன்று.

விபிஎன் போட்டா தப்பிக்கலாமா?

இந்தியாவில் விபிஎன் பயன்படுத்துவதற்குப் பொதுவான தடை இல்லை. ஆனால் ஆபிஸ் நெட்வொர்க்கில் தடையைத் தாண்ட அதைப் போடுவது வேறு கதை. விபிஎன் இணைப்பு ஓடுவதே பல ஃபயர்வால்களுக்குத் தெரிந்துவிடும். நீங்கள் எந்தத் தளம் பார்த்தீர்கள் என்பது தெரியாமல் போகலாம். ஆனால் நீங்கள் எதையோ மறைத்தீர்கள் என்பது பதிவாகும். வெறும் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்தவர்கூட, தகவல் திருட்டு சந்தேகத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலை வரும்.

சட்டப் பக்கம் என்ன? ஒரு கணினி நெட்வொர்க்கின் பொறுப்பாளர் அனுமதி இல்லாமல் அதில் நுழைவது, தரவை எடுப்பது, வைரஸைப் புகுத்துவது போன்றவற்றுக்கு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-வது பிரிவின்படி இழப்பீடு கேட்கலாம். அதையே நேர்மையற்ற அல்லது மோசடி எண்ணத்தோடு செய்தால், 66-வது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். யூடியூப் பார்த்ததற்காக யாரும் சிறைக்குப் போய்விட மாட்டார்கள். ஆனால் அந்த இலவச விபிஎன் வழியாக வைரஸ் உள்ளே வந்து லைன் நின்றால், விசாரணையில் முதல் பெயர் யாருடையதாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஹாட்ஸ்பாட்டும் இப்படித்தான். ஆபிஸ் கம்ப்யூட்டரை போன் இணைப்பில் மாட்டினால், ஃபயர்வாலைச் சுற்றிக்கொண்டு ஒரு பின்வாசல் திறக்கிறது. ஷாப் ஃப்ளோரில் மெஷின்களோடு இணைந்திருக்கும் பழைய விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் இது இன்னும் ஆபத்து.

தளம் வேலைக்குத் தேவை. என்ன செய்வது?

வாய்மொழியாகக் கேட்காமல், எழுத்தில் கேளுங்கள். 'சைட் ஓபன் ஆகல சார்' என்று மட்டும் சொன்னால் ஐடியில் யாரும் நகர மாட்டார்கள். இந்த 5 விவரங்கள் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும்:

- தளத்தின் முழு முகவரி
- தடை வாசகம் தெரியும் ஸ்கிரீன்ஷாட்
- முயற்சி செய்த தேதி, நேரம்
- எந்த வேலைக்கு, எந்த ஆர்டருக்குத் தேவை
- எத்தனை நாளைக்குத் தேவை

உதாரணத்துக்கு இப்படி ஒரு மெயில் போதும்: 'சார், ஸ்பிண்டில் பேரிங் சப்ளையரின் கேட்லாக் பக்கம் இன்று காலை 10.15-க்கு முடக்கப்பட்டதாக வந்தது. ஸ்கிரீன்ஷாட் இணைத்துள்ளேன். மெயின்டனன்ஸ் வேலைக்காக 3 நாட்களுக்கு இந்த ஒரு பக்கத்தை மட்டும் திறந்து தர வேண்டுகிறேன்.' மேனேஜருக்கும் நகல் போடுங்கள். தளம் திறக்காததால் வேலை தாமதமானால், நீங்கள் கேட்டதற்கு அத்தாட்சி இருக்கும்.

பிஎஃப், வங்கி, புகார்: இதையெல்லாம் எங்கே பார்ப்பது?

முடிந்தவரை சொந்த போனில், மொபைல் டேட்டாவில். பிஎஃப் பாஸ்புக், இஎஸ்ஐ, வங்கிக் கணக்கு இவற்றின் பாஸ்வேர்டை ஆபிஸ் கம்ப்யூட்டரில் சேமிக்கவே வேண்டாம். பாலியல் தொல்லை குறித்து அரசின் ஷீ-பாக்ஸ் தளத்தில் புகார் கொடுப்பதாக இருந்தாலும், தொழிலாளர் துறைக்கு எழுதுவதாக இருந்தாலும் ஆபிஸ் நெட்வொர்க்கைத் தவிருங்கள். எந்தப் பக்கத்துக்குப் போனீர்கள் என்பது நீங்கள் யார் மீது புகார் கொடுக்கிறீர்களோ அவர் கண்ணில் படலாம்.

ஆனால் செல்போனை வாசலிலேயே லாக்கரில் வைத்துவிட்டுப் போக வேண்டிய ஆலைகளும் உண்டு. அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு ஷிப்ட் முடியும் வரை வெளி உலகமே கிடையாது. நிறுவன விடுதியிலும் வைஃபை கட்டுப்பாடு இருந்தால், மீதி நேரமும் அதே கதைதான். 2019-இல் கேரள உயர் நீதிமன்றம், கோழிக்கோடு மாவட்டக் கல்லூரி விடுதி ஒன்றின் செல்போன் கட்டுப்பாடு தொடர்பான வழக்கில், இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமை, அந்தரங்க உரிமை இரண்டின் பகுதி என்று சொன்னது. மாணவிகளுக்கான தீர்ப்பு அது. தொழிலாளர் விடுதிகளுக்கு நேரடியாகப் பொருந்திவிடாது. ஆனால் வேலை நேரம் முடிந்த பிறகும் கட்டுப்பாடு எதற்கு என்ற கேள்வி இரண்டு இடத்துக்கும் பொதுவானது.

நிறுவனங்கள் செய்ய வேண்டியது என்ன?

இதற்குப் பெரிய செலவு ஆகாது. எந்த ரகத் தளங்கள் முடக்கப்படுகின்றன, என்ன பதிவாகிறது, எத்தனை நாள் வைத்திருப்பார்கள், தவறாக முடங்கினால் யாரிடம் கேட்பது என்ற 4 விஷயங்களை ஒரே பக்கத்தில் எழுதி ஒட்டினால் போதும். தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி பேசுவோர் ஒரே லைனில் நிற்கும் ஓசூர் மாதிரி ஊரில், அந்த ஒரு பக்கம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் பிரயோஜனம் இல்லை.

கேன்டீனில் மெஷின் நெட்வொர்க்கோடு தொடர்பே இல்லாத தனி இணைப்பில் ஒரு கம்ப்யூட்டர் வைத்து, பிஎஃப், இஎஸ்ஐ, தொழிலாளர் துறை தளங்களை மட்டும் திறந்துவிடலாம். போன் அனுமதி இல்லாத ஆலைகளில், வீட்டில் அவசரம் என்றால் கூப்பிட ஒரு எண்ணைக் குடும்பத்துக்குக் கொடுத்து வைக்கலாம்.

ஒரு நேர்வழி இருந்தால் ஊழியர்கள் ஹாட்ஸ்பாட்டைத் தேட மாட்டார்கள், நிறுவனத்தின் ஃபயர்வாலுக்கும் அதுவே பாதுகாப்பு. ஊழியர்கள் தரப்பில் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. எச்ஆரிடம் ஐடி பாலிசியின் நகலைக் கேட்டு வாங்குங்கள். கையெழுத்து போட்டது நீங்கள் என்பதால், அதைக் கேட்க உங்களுக்கு எல்லா நியாயமும் இருக்கிறது.